வெள்ளை கட்டிய சுவர்

அத்தியாயம் 11

விடியுமுன் எழுந்தேன். எழுந்தேன் என்று சொல்வது சரியில்லை. கட்டிலை விட்டு இறங்கினேன்.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மாமாவுக்குச் சீனி போடாத பிளேன்ரீ. மகள் ஷெறோமிக்குப் பால். பாணுக்கு பட்டர் பூசி, ஒரு வாழைப்பழத்தோடு அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். முகம் வழித்தேன். நீலச் சேட்டைச் சுருக்கமில்லாமல் மினுக்கினேன். சப்பாத்தைத் துடைத்தேன்.

துடைத்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்குச் சப்பாத்து வேண்டாம்.

வழக்கமாக இந்த நேரம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்பேன். கிளிநொச்சி பஸ்ஸில் யன்னலோர ஆசனம். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை விழித்திருப்பேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. என் மனைவி ஜெசிதா செத்துப்போன தை மாதத்திலிருந்து எனக்கு நித்திரை வருவது அந்த ஆசனத்தில் மட்டும்தான். கட்டிலில் வருவதில்லை. சில நாட்களில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி முறிகண்டி வரை போயிருக்கிறேன். "வேதக்காரன் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறான்" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிய றெஜினா அக்கா சொன்னதுதான் இந்தப் புதன்கிழமைக்குக் காரணம். ஜெசிதாவின் மூத்த சகோதரி அவர். மயிலிட்டியில் கலியாணம் முடித்தவர். கணவர் லெனாட்டுக்கு அங்கே சொந்தப் படகு இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள்.

"பிள்ளை உங்களை இருட்டிலைதான் காணுது" என்றார். "நீங்கள் போகேக்கை அவள் நித்திரை. வரேக்கையும் நித்திரை. அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. நான் ஷெறோமியை என்னோடை கொண்டு போறன்."

மாமா அவர்களுடைய அப்பா. குருநகரில் இருக்கும் இந்த வீடு ஜெசிதாவின் சீதனம். முன்பு மாமா எங்களோடு இருந்தார். இப்போது நான் மாமாவோடு இருக்கிறேன்.

"கிழமையிலை மூண்டு நாள் வீட்டிலை இருந்து வேலை செய்யலாம் எண்டு ஒபிசிலை சொல்லினம்" என்றேன். "செய்து பாக்கிறன்."

"அப்ப புதன்கிழமை செய்து காட்டுங்கோ. சரிவராட்டி வியாழன் வந்து கூட்டிக்கொண்டு போவன்."

எங்கள் அலுவலகத்தில் அவுஸ்திரேலியக் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் படம் வரைகிறோம். வீடா, அலுவலகமா என்று சுபாங்கன் எல்லோரையும் கேட்டிருந்தான். அவன்தான் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. கோப்பாயில் இருந்து கைக்குழந்தையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரும் நிவேதனா, கேள்வி முடியுமுன் வீடு என்றாள். அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருக்கும் லக்ஷன் அலுவலகம் என்றான். வீட்டில் நின்றால் அம்மா மா இடிக்கச் சொல்லுவாவாம். தூரத்தில் இருப்பவர்கள் வீட்டைக் கேட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அலுவலகத்தைக் கேட்டார்கள். எல்லோரையும்விடத் தூரத்தில் இருந்து வரும் நானும் அலுவலகம் என்றேன். கேள்வி விளங்கவில்லையோ என்று சுபாங்கன் இன்னொரு தரம் கேட்டான்.

மாமா பிளேன்ரீயைக் கையில் எடுத்துக்கொண்டு என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்து போடேல்லையோ?"

"இண்டைக்கு வீட்டிலைதான் வேலை மாமா."

"வீட்டிலை என்ன வேலை?"

"அதே வேலைதான்."

பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். "அப்ப இவ்வளவு நாளும் ஏன் போய் வந்தனீர்?"

நான் ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பதினொரு மணிபோலை வெளிநாட்டு ஆக்களோடை கதைக்க வேணும். சத்தம் இருக்கக்கூடாது."

"நான் ஒரு சத்தமும் போடன்" என்றார். சொல்லிவிட்டு நீண்ட நேரம் இருமினார். பிறகு அவரே முடிவெடுத்தார். "பிள்ளையை நேசரியிலை விட்டிட்டு அப்பிடியே பாசையூருக்குப் போறன். பேதுரு நெடுகக் காட்ஸ் விளையாடக் கூப்பிடுறவன். நேசரி விடக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவருடைய தொலைபேசி மேசையில் சார்ஜில் கிடந்தது. அவரும் எடுக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

ஷெறோமி படலையில் நின்று திரும்பினாள். "அப்பா, நான் வரேக்கையும் நிப்பியளோ?"

"நிப்பன்."

"பொய்" என்றாள். போய்விட்டாள்.

வீடு அமைதியானது. கொம்பியூட்டரைத் திறந்தேன். ஒரு ஆசுபத்திரியின் குளியலறைக் குழாய்கள். ஒரு கோடு போட்டேன், அழித்தேன். எழுந்து குசினிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலை வரை நடந்து, அங்கிருந்து திரும்பி வந்து இருந்தேன். அலுவலகம் வந்துவிட்டதாக உடம்பு நம்பும் என்று நினைத்தேன். நம்பவில்லை.

நிவேதனா பஸ்ஸில் இருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "ஜெறோம் அண்ணை, உங்கடை யன்னல் சீற்றிலை இண்டைக்கு நான்தான். ஆனையிறவிலை ஒரு காத்து அடிக்குது பாருங்கோ, தலை முழுக்க உப்பு. வீட்டிலை நிக்கிறது எப்பிடி இருக்கு? சந்தோசமோ? பொய் சொல்லாதேங்கோ."

"நல்லம்" என்று எழுதி அனுப்பினேன்.

பத்தரைக்குப் பிறகு சுபாங்கன் கோல் எடுத்தான். "மச்சான், ஒருக்காக் கமெராவைப் போடு பாப்பம். ஐயோ, உந்தக் கலியாணப் படம் பின்னாலை அப்பிடியே தெரியுது. படம் காணாமலே போன முறை அந்த மெல்பேர்ண் மனுசி என்ன கேட்டவ எண்டு தெரியும்தானே."

தெரியும். மனைவி சுகமா என்று கேட்டார். சுபாங்கன்தான் பேச்சைக் குழாய்க்குத் திருப்பினான்.

"கழட்டி வைச்சிட்டுக் கதை."

"கழட்டமாட்டன்."

"சரி. அப்ப ஏதாலையும் மறை. பின்னேரத்துக்குள்ளை முடிவும் சொல்லு. மேலை பேர் குடுக்க வேணும்."

அலுமாரியில் மேலே ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பு இருந்தது. படம் தொங்கும் சுவரின் இரண்டு மூலையிலும் ஆணிகள் இருந்தன. விரிப்பின் நுனிகளை முடிச்சுப் போட்டு அவற்றில் மாட்டினேன். அளவு சரியாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று முன்கதவை அகலத் திறந்துவிட்டேன்.

ஹெட்போனை மாட்டும்போது படலையில் சந்தியோகு அண்ணை நின்றார். அடுத்த வீடு. மாமாவோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்.

"அடைக்கலண்ணை எங்கை தம்பி? காலமை துறையடியிலும் காணேல்லை." மாமாவைத்தான் கேட்டார்.

திரையில் மெல்பேர்ண் மனுசியின் முகம் வந்துவிட்டது. நான் உதட்டில் விரலை வைத்து, மற்றக் கையால் பொறுங்கள் என்று காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். மினுக்கிய சேட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்தேன்.

கூட்டம் தொடங்கியது. குழாயின் சரிவு போதுமா என்று மனுசி கேட்டார். போதும் என்றேன். அதற்கான காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஹெட்போனையும் தாண்டிக் கோயில் மணி கேட்டது. விட்டு விட்டு அடித்தது. சாவு மணி. தெருவில் யாரோ போய்விட்டார்கள். யார் என்று பிறகு விசாரிக்கலாம் என்று நினைத்து, சரிவைப் பற்றித் தொடர்ந்தேன்.

என்னுடைய முகம் தெரியும் சின்னப் பெட்டியில், எனக்குப் பின்னால் ஒரு பெண் முக்காட்டோடு போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாரோ ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வைத்தார். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் ஒருவர் முழந்தாளில் இருந்தார்.

"உவையள் ஆர்?" என்று சுபாங்கன் எழுதினான்.

"அருள் நிறைந்த மரியே" என்று செபமாலை தொடங்கியது. எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

இன்று உங்கள் ஊரில் திருவிழாவா, அழகாக இருக்கிறது என்று மெல்பேர்ண் மனுசி ஆங்கிலத்தில் சொன்னார். ஆமாம் என்று சுபாங்கன் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தான்.

ஹெட்போனைக் கழற்றினேன். சந்தியோகு அண்ணையின் மனைவி வந்து என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அழுங்கோ தம்பி. ஜெசிதாவுக்கும் நீங்கள் அழேல்லை. எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சிருக்கக்கூடாது."

"என்ன நடந்தது மாமி?"

"அதைத்தான் நாங்களும் கேக்க இருந்தனாங்கள். எப்பிடி நடந்தது? இரவோ, காலமையோ?"

விளங்கவில்லை. மாமாவின் தொலைபேசி மேசையில் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ அதை எடுத்து, அழுதுகொண்டே "ஓம், ஓம், கெதியா வாங்கோ" என்று சொல்லி வைத்தார்.

நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் எல்லோரும் என்னைத் தடவிக் கொடுத்தார்கள். தண்ணீர் தந்தார்கள். மனம் பேதலித்துவிட்டது என்று ஒரு கிழவர் இன்னொருவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து முற்றத்துக்குப் போக முயன்றேன். இருத்திவிட்டார்கள்.

ஒரு ஓட்டோ படலையில் வந்து நின்றது. றெஜினா அக்கா இறங்கி ஓடிவந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. மயிலிட்டியில் இருந்து அப்படியே வந்திருக்கிறார். என்னைத் தாண்டி அறைக்குள் போனார். அடுத்த அறைக்குள் போனார். குசினியைப் பார்த்தார்.

"அப்பாவை எங்கை வைச்சிருக்கிறியள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். செத்தவீட்டில் பெட்டி வைக்கும் சுவருக்கு வெள்ளை கட்டுவது எங்கள் தெரு வழக்கம்.

"அக்கா, மாமா..." என்று தொடங்கினேன்.

"ஆர் செத்தது?"

குரல் படலையில் இருந்து வந்தது. மாமா ஒரு கையில் ஷெறோமியையும் மறு கையில் மீன் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். செபமாலை நின்றது.

கடைசியில் சந்தியோகு அண்ணைதான் சொன்னார். "நீங்கள்தான் அண்ணை."

மாமா முற்றத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் பார்த்தார். பிளாஸ்ரிக் கதிரைகளைப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார். "சனம் வந்திருக்குது."

றெஜினா அக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு தோளில் ஒரு அடி போட்டார். "போனை ஏன் வைச்சிட்டுப் போறியள்? ஆரைக் கேட்டுப் போனியள்?"

"இவர்தான் சத்தம் கூடாது எண்டவர்."

எல்லோரும் வெள்ளைத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படம் மறைக்கக் கட்டினேன் என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது. யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. சந்தியோகு அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"மணியும் அடிச்சாச்சு" என்றார். "இப்ப என்ன செய்யிறது?"

"அடிச்சது அடிச்சதுதான்" என்றார் மாமா. "என்ரை கணக்கிலை வைச்சிருக்கச் சொல்லு."

இவ்வளவுக்கும் நடுவில் ஷெறோமி ஆட்களின் கால்களுக்கு இடையால் வந்து என் முன்னால் நின்றாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிக்கிறியள்" என்றாள்.

மேசைக்குக் கீழே புகுந்து என் பாதங்களின் மேல் இருந்தாள்.

சனம் கலையப் பின்னேரமாகிவிட்டது. செத்தவீட்டுக்கென்று வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. றெஜினா அக்கா கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றார்.

"உந்த ஆணியளை நீங்கள் இன்னும் பிடுங்கேல்லையோ?"

"எந்த ஆணி?"

"அண்டைக்கு லெனாட் அடிச்சது. ஜெசிதாவுக்கு."

நான் அவற்றைப் பார்த்தேன். எதற்கு அடித்தவை என்று காலையில் யோசிக்கவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

அவர் விரிப்பை அவிழ்த்து மடித்தார். மடித்த கையோடு அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஷெறோமியின் பையோடு வெளியே வந்தார். பை நிறைந்திருந்தது. வெளியே ஓட்டோ நின்றது.

"வியாழன்தானே எண்டனியள்" என்றேன்.

"ஒரு நாள் வீட்டிலை நிண்டியள் தம்பி. ஒரு நாளிலை அப்பாவைச் சாக்காட்டிப் போட்டியள். வாற வழி முழுக்க நான் என்ன பாடு பட்டனான் எண்டு ஆருக்குத் தெரியும்?" அவருடைய குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டார். "உங்களைக் குறை சொல்லேல்லை. உங்களுக்கு இந்த வீட்டிலை இருக்க ஏலாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டு ஓடுறியள், வேலை எண்டு சொல்லுறியள். ஓடுங்கோ. பிள்ளை அங்கை ஆக்களோடை வளரட்டும்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

"ஜெசிதாவும் அதைத்தானே சொன்னவள்" என்றார். "கடைசியா எனக்குச் சொன்னது. அக்கா, ஷெறோமியை நீ பார் எண்டு."

இதை அவர் ஜெசிதாவின் செத்தவீட்டில் சொன்னார். முப்பத்தோராம் நாள் பூசையிலும் சொன்னார். இப்போது தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மாமா மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்த்தவில்லை.

"றெஜி, நீ அண்டைக்கு மயிலிட்டியிலை நிண்டனி."

"போனிலை சொன்னவள்."

"அவளின்ரை போன் என்ரை கையிலை இருந்தது பிள்ளை. காலமைக்குப் பிறகு ஆசுபத்திரி வாட்டுக்குள்ளை ஒருதரையும் விடேல்லை. நானும் வெளியிலை வாங்கிலைதான் குந்தியிருந்தனான்."

றெஜினா அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பையின் ஸிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருப்பாள்" என்றார். "நான் பக்கத்திலை நிண்டிருந்தால் சொல்லியிருப்பாள்."

"ஓம் அக்கா" என்றேன்.

தொலைபேசி அடித்தது. சுபாங்கன்.

"மச்சான், அங்கை எல்லாரும் உயிரோடை இருக்கினமோ? சரி, முடிவைச் சொல்லு. வீடோ, ஒபிசோ?"

மேசைக்குக் கீழே ஷெறோமி என் காலில் தலை வைத்து நித்திரையாகிவிட்டாள். கால் விறைத்திருந்தது. எடுக்கவில்லை.

எது விருப்பம் என்று சுபாங்கன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் என்று சொல்லியிருப்பேன்.

"வீடு" என்றேன். "திங்கள், புதன், வெள்ளி."

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ? மெல்பேர்ண் மனுசி இனி ஒவ்வொரு கிழமையும் திருவிழா கேப்பா."

"யோசிச்சுத்தான்."

வைத்தேன். றெஜினா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாயும் வியாழனும்?"

நான் காலை அசைக்கவில்லை. அவரும் பையை மடியில் இருந்து இறக்கவில்லை. வெளியே ஓட்டோக்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

"அப்ப உங்களுக்கு என்ன சொன்னவள்?" என்றார். "இவ்வளவு நாளும் நீங்கள் ஒருதருக்கும் சொல்லேல்லை."

சொல்லவில்லை. செத்தவீட்டில் கேட்டார்கள். பங்குச் சுவாமியும் கேட்டார். அந்த இடங்களில் சொல்லக்கூடிய வசனமாக அது இருக்கவில்லை.

அன்றைக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க வாட்டுக்குள் விட்டார்கள். இரவு முழுக்க நான் வெளியே வாங்கில் இருந்தேன். டெங்கு. ஆனால் காய்ச்சல் விட்டிருந்தது. காய்ச்சல் விட்டால் சுகம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அவளும் நினைத்தாள். வேலைக்குப் போங்கோ என்றாள். இரண்டு வாய் இடியப்பம் சாப்பிட்டாள். நான் எழும்பியபோது கையைப் பிடித்துக் குனிய வைத்து, என் கண்களைப் பார்த்தாள். சேட் கொலரை நேராக்கினாள். மத்தியானம் போய்விட்டாள்.

"சொல்லுங்கோ ஜெறோம்" என்றார் றெஜினா அக்கா.

மாமாவும் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

அவள் சொன்னபடியே சொன்னேன்.

"பஸ்ஸிலை நித்திரை கொண்டிடாதேங்கோ. இறங்கிற இடம் தாண்டிப் போயிடுவியள்."